மண்டபத்தில் தொங்கிய தோணி

மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி நின்ற மூன்று மாடிக் கட்டடத்துக்குக் காலத்துக்குக் காலம் பெயர்ப்பலகை மாறியது. கடல் வந்து போன பிறகு அது ஆழிப்பேரலை மீளமைப்பு இணைப்பகம். வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது அவசர நிவாரண இணைப்பகம். சண்டை முடிந்ததும் மீளெழுச்சி இணைப்பகம். பலகைதான் மாறியது. உள்ளே இருந்த மேசைகளும் மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே இருந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பலகைக்குக் கீழே இன்னுமொன்று ஏறியது: சமகாலக் கலை அருங்காட்சியகம்.

இதற்குக் காரணம் வெளிநாட்டு நன்கொடை நிறுவனம் ஒன்று. துயரப்பட்ட மக்களின் மனத்தைக் கலையால் ஆற்றவேண்டும் என்று அது விரும்பியது. வருட முடிவுக்குள் ஆற்றிவிடவேண்டும் என்றும் சொல்லியிருந்தது. புதுக் கட்டடம் கட்டக் காலம் போதாது. இணைப்பகத்தின் பணிப்பாளர் உதயரூபன் ஓர் இரவு யோசித்து, அலுவலகமே அருங்காட்சியகமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். "வேலையும் நடக்கும், கலையும் நடக்கும்" என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். கலை நடந்தது.

முதலாம் மாடியில் இருந்த இரும்பு அலுமாரிக்கு 'நினைவு' என்று பெயர் வைத்தார்கள். கலைப்பொருளைத் தொடக்கூடாது என்பதால் அதன் இலாச்சிகளைத் திறக்க முடியாமற் போயிற்று. காணி விசயமாக வந்தவர்களைக் கண்காட்சி முடிந்த பிறகு வரச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் தட்டச்சு செய்யும் தெல்மா ஒரு நாள் காலை வேலைக்கு வந்தபோது அவருடைய மேசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் 'உழைப்பு' என்று ஓர் அட்டை. கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். "சம்பளம் வருது. கயிறு கிடந்தா எனக்கென்ன?" என்பது தெல்மாவின் கலைக் கொள்கை.

இதெல்லாம் வாகரைப் பக்கத்துக் கதிரவெளியில் இருந்த அழகரத்தினத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன்னுடைய தோணியை இணைப்பகம் வைத்திருக்கிறது என்பதுதான்.

கடல் வந்த காலையில் அழகரத்தினத்தின் வீடும், பழைய தோணியும், மகள் கஜானியும் போனார்கள். வீட்டின் அடித்தளம் மிஞ்சியது. மகளின் உடல் மூன்றாம் நாள் தாழங்காட்டில் கிடைத்தது. அடுத்த வருடம் யாரோ நல்லவர்கள் ஒரு பைபர் தோணி கொடுத்தார்கள். அழகரத்தினம் நீலப் பெயின்ற் வாங்கி, முன்பக்கத்தில் கஜானி என்று தன் கையாலேயே எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. மனைவி அன்னப்பூரணி திருத்தி எழுதச் சொல்லவில்லை.

பிறகு ஷெல் விழத் தொடங்கியது. அந்தத் தோணியில்தான் அயலவர் சிலரையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்து வந்தார்கள். கரையில் இணைப்பகத்தின் பெயர் போட்ட மேற்சட்டையோடு நின்றவர்கள் தோணியை வாங்கிக்கொண்டார்கள். "பாதுகாப்பா வச்சுத் தருவம் ஐயா. நீங்க முகாமுக்குப் போங்க" என்றார்கள். ஊர் திரும்பிய பிறகு அழகரத்தினம் கேட்காத இடமில்லை. தோணி களஞ்சியத்தில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஒருமுறை, தோணி நலமாக இருக்கிறது என்றார்கள். இத்தனை வருடமும் அவர் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போய்வந்தார். அன்னப்பூரணி கருவாடு காயவைத்து விற்றார்.

அன்னப்பூரணியின் தம்பி ரதீஸ் நாவற்குடாவில் மேசன் வேலை செய்பவன். இணைப்பகத்தில் சுவர் பூசப் போனவன் மண்டபத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே அக்காவுக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, அத்தான்ட தோணி இஞ்ச கிடக்குகா. கூரையில தொங்குது."

"கூரையில தோணிக்கு என்னடா வேலை?"

"தெரியாகா. லைற் எல்லாம் போட்டிருக்கானுகள்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள்.

வாசலில் காவலாளி முகைதீன்பாவா மறித்தார். "அலுவலா, கலையா?"

"தோணி" என்றார் அழகரத்தினம்.

"தோணி எண்டு ஒண்டும் இல்ல. அலுவலெண்டா பின்பக்கத்தால போகணும். கலையெண்டா முன்பக்கம்."

"எந்தப் பக்கம் கெதியா முடியும்?" என்று கேட்டார் அன்னப்பூரணி.

"கலை பார்க்க வாறவங்களக் கும்பிட்டுக் கூட்டிப் போவாங்க. இளநியும் குடுப்பாங்க."

"அப்ப நாங்க கலை."

முகைதீன்பாவா அவர்களுடைய கால்களைப் பார்த்தார். செருப்பில் கதிரவெளி மணல் ஒட்டியிருந்தது. "நீங்க அலுவல்" என்று பின்பக்கத்தைக் காட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அப்படித்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

பின்பக்கத்தில் ஒரு நீள வாங்கு கிடந்தது. அதில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் 'காத்திருப்பு' என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் 'மனிதர்கள், பலகை' என்று போட்டிருந்தது. ஓர் இளம் சோடி வந்து அவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனது. வாங்கின் ஓரத்தில் இருந்த பெண் தள்ளி இடம் கொடுத்தார். பழுகாமத்தைச் சேர்ந்த சீதேவிப்பிள்ளை. வீட்டுக் கூரைக்குத் தகரம் கேட்டு வருகிறவர்.

"எவ்வளவு நாளா வாறீங்க?" என்று கேட்டார் அன்னப்பூரணி.

"அத விடுகா. முந்தி வராதகா, வராதகா எண்டு கலைச்சானுகள். இப்ப வெள்ளைக்காரங்க வாற நாளில மறக்காம வரச் சொல்லி ஆள் அனுப்புறானுகள். சோத்துப் பார்சலும் தாறானுகள்."

"தகரம்?"

"தகரம் தந்தா நான் வராம விட்டிருவன் எண்டு பயப்படுறானுகள்."

அழகரத்தினம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வாங்குக்கு நேரே ஒரு நடைபாதை. அதன் முடிவில் பெரிய மண்டபம். அங்கே, தலைக்கு மேலே, ஒரு தோணியின் ஓரம் தெரிந்தது. அவர் எழுந்து நடந்தார். வழியில் கட்டியிருந்த கயிற்றை அவர் கவனிக்கவில்லை. கயிறும் அதைப் பிடித்திருந்த கம்பியும் விழுந்த சத்தத்தில் தெல்மா ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார்.

தோணி அவருடையதுதான். இரண்டாம் மாடிக் கம்பிகளில் இருந்து நாலு கயிற்றில், கவிழ்ந்தபடி தொங்கியது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். நீல எழுத்து அப்படியே இருந்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அருங்காட்சியகத்தின் விளக்குநர் கம்சாயினி ஓடிவந்தார். பேராதனையில் படித்து, கொழும்பில் பயிற்சி பெற்ற பிள்ளை. கயிறு விழுந்ததைப் பார்த்தாலும் கோபிக்கவில்லை. தோணிக்குக் கீழே ஒரு மனிதர் கண்கலங்கி நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அருங்காட்சியகம் திறந்த நாளில் இருந்து இப்படி யாரும் நின்றதில்லை.

"ஐயா, இந்தப் படைப்பு உங்கள என்னவோ செய்யுது, இல்லையா?"

"இது என்ட தோணி" என்றார் அழகரத்தினம்.

"ஓம் ஐயா! ஒவ்வொருத்தருக்கும் அப்பிடித்தான் தோணவேணும். அதுதான் கலைஞருடைய நோக்கம்."

பின்னால் வந்த அன்னப்பூரணி, பக்கத்தில் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார். படைப்பின் பெயர் 'இல்லாமை'. கொழும்பில் இருந்து ஒரு கலைஞர் வந்து, இரண்டு நாள் தங்கி, களஞ்சியத்தில் இருந்த தோணியைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார். கவிழ்த்ததன் மூலம் தோணியை அதன் பயனில் இருந்து விடுவித்திருக்கிறார். அதற்குக் கீழே இருந்ததை அன்னப்பூரணி இரண்டு தரம் வாசித்தார். 'கஜானி என்பது எவருடைய பெயரும் அல்ல. அது ஒரு வெற்றிடம். உரியவர் காணாமற்போனவர்.'

"புள்ள, இத ஆரு எழுதின?"

"நான்தான் அம்மா" என்றார் கம்சாயினி, கொஞ்சம் கூச்சத்தோடு.

"கஜானி என்ட மகள். கடலுக்குப் போன புள்ள. இது அவட தகப்பன் எழுதின எழுத்து."

கம்சாயினியின் முகம் ஒரு கணம் மாறியது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பணிப்பாளர் உதயரூபன் படிகளில் இறங்கி வந்தார். நன்கொடை நிறுவனத்தின் தலைவி அம்மையார் அன்று வருவதாக இருந்ததால் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். விசயத்தைக் கேட்டுக்கொண்டு, அழகரத்தினத்தின் தோளில் கை வைத்தார்.

"ஐயா, உங்கட துயரத்த நாங்க மதிக்கிறம். அதாலதான் இவ்வளவு உயரத்தில கட்டி வச்சிருக்கிறம்."

"சேர், தோணியத் தாங்க. நான் கொண்டு போறன்."

"அவசரப்படாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தத் தோணிய உங்களுக்குத் தந்தா என்ன நடக்கும்? நீங்க மீன் பிடிப்பீங்க. ஒரு குடும்பம் சாப்பிடும். அவ்வளவுதான். இது இஞ்ச தொங்கினா உலகமே வந்து உங்கட இழப்பப் பார்க்கும். இழப்பப் பார்த்தா உதவி வரும். உதவி வந்தா இணைப்பகம் நடக்கும். இணைப்பகம் நடந்தாத்தானே உங்களப்போல ஆக்களுக்கு நாங்க உதவி செய்யலாம்?"

"அப்ப என்ன உதவி செய்வீங்க சேர்?"

"புதுத் தோணிக்கு விண்ணப்பிக்கலாம்."

அழகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப அதத் தாங்க சேர்."

"ஆனா அது தோணி இல்லாத ஆக்களுக்கு. உங்களுக்குத்தான் தோணி இருக்கே" என்று மேலே காட்டினார் உதயரூபன்.

"அப்ப இது என்ட தோணிதான் எண்டு சொல்றீங்க?"

"அப்பிடி நான் சொல்ல ஏலாது. உரியவர் காணாமற்போனவர் எண்டு அட்டையில கிடக்கு. இப்ப நீங்க வந்து நான்தான் அது எண்டு நிண்டா, இந்தப் படைப்பே பொய்யாப் போயிரும். நீங்க ஒரு பொறுப்புள்ள தகப்பன். உங்கட மகள்ட பேரில இருக்கிற படைப்பப் பொய்யாக்கலாமா?"

அழகரத்தினம் மனைவியைப் பார்த்தார். "என்னகா சொல்றாரு இவரு?"

"நீங்க காணாமற் போயிட்டீங்களாம்" என்றார் அன்னப்பூரணி.

உதயரூபன் பெருந்தன்மையோடு ஒரு வழியும் சொன்னார். மாதம் ஒருதடவை கணவனும் மனைவியும் வந்து தோணிக்குக் கீழே நிற்கலாம். சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பார்கள். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டால் கட்டாயமில்லை. "இன்னும் என்ன வேணும்? நாங்க உங்கட பிரச்சினையத் தீர்த்து வச்சா, நாளைக்கு ஆக்களுக்குக் காட்ட எங்களிட்ட என்ன மிஞ்சும்?" என்று மனம் திறந்து கேட்டார். கேட்டதில் இருந்த நியாயம் அவருக்கே பிடித்திருந்தது.

அன்னப்பூரணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடற்கரையில் மீன் விலைக்குக் கத்திப் பழகிய தொண்டை அது. "என்ட புள்ள வெற்றிடமாடா உனக்கு? அவள் ஏழு வயசில சோத்துக்கு அடம்பிடிச்ச புள்ளடா! முழங்கால்ல தழும்பு இருந்த புள்ளடா! அவட பேரத் தூக்கித் தலைகீழாக் கட்டி வச்சுக்கிட்டு, இளநியா குடிக்கிறீங்க?" என்று தொடங்கினார். பிறகு வந்த வார்த்தைகளை அந்த மண்டபத்துச் சுவர்கள் அதுவரை கேட்டதில்லை. மேல்மாடியில் இருந்த உத்தியோகத்தர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். முகைதீன்பாவா ஓடிவந்தார். உதயரூபன் அவருக்குக் கண்ணைக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் முன்வாசலால் தலைவி அம்மையார் நுழைந்தார். வெள்ளைப் பருத்தி உடுப்பு, கழுத்தில் மாலை. பின்னால் அமைச்சின் அதிகாரிகள், படம் எடுப்பவர்கள். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கூரையில் ஒரு தோணி. அதன் கீழே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் அண்ணாந்து பார்த்தபடி ஓர் ஆண். அன்னப்பூரணி மூச்செடுக்க நிறுத்தியபோது அம்மையார் கை தட்டினார். அமைச்சின் அதிகாரிகளும் தட்டினார்கள். வாங்கில் இருந்த சீதேவிப்பிள்ளை, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினார்.

அம்மையார் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். உதயரூபன் ஒரு கணமும் தயங்கவில்லை. கடல் பறித்ததைக் கலை திருப்பித் தந்தது என்று அந்தப் பெண் நன்றி சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தார். பல மாதம் மக்களோடு சேர்ந்து தயாரித்த நிகழ்த்துகை இது என்றும், இன்றைக்காகவே ஒளித்து வைத்திருந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். அம்மையாரின் கண்கள் கலங்கின.

"என்ன பறையிறான் இவன்?" என்று அன்னப்பூரணி கம்சாயினியிடம் கேட்டார்.

கம்சாயினி தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "நீங்க நடிக்கிறீங்களாம் அம்மா. இது நாடகமாம்."

அன்னப்பூரணி சுற்றிலும் பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார். கேட்டு வந்தபோது பின்பக்கத்தைக் காட்டிய ஆட்கள், நாடகம் என்றதும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குள் ஏதோ ஒன்று அடங்கி, வேறு ஒன்று எழுந்தது.

"அந்த அம்மாட்டச் சொல்லு புள்ள. நாடகம் முடியல்ல. மறுகாவும் கிடக்கு. தோணிய இறக்கி எல்லாரும் சேந்து வாவிக்குக் கொண்டு போகணும்."

உதயரூபன் மொழிபெயர்க்காமல் இருமினார். கம்சாயினி மொழிபெயர்த்தார். சொல்லுக்குச் சொல், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. அம்மையார் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பணிப்பாளரைப் பார்த்தார். அமைச்சின் அதிகாரிகளும் பார்த்தார்கள். படம் எடுப்பவர்கள் அவரை நோக்கித் திரும்பினார்கள்.

"ஓம்" என்றார் உதயரூபன். "அதுதான் அடுத்த பகுதி."

சுவர் பூசிக்கொண்டிருந்த ரதீஸ் அதற்குள் இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டான். ஒவ்வொரு கயிறாகத் தளர்த்தி, கீழே நின்றவர்களைப் பிடிக்கச் சொன்னான். அமைச்சின் மேலதிகச் செயலாளர் முன்பக்கத்தைப் பிடித்தார். உதயரூபன் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு நடுவில் கை கொடுத்தார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். தெல்மா கயிற்றைத் தாண்டி வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தாங்கினார். அம்மையார் தோணியைத் தொட்டபடி கூட நடந்தார். முகைதீன்பாவா முன்வாசல் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து பிடித்தார். அழகரத்தினம் மட்டும் தோணியில் கை வைக்கவில்லை. பகிடி பண்ணுகிறார்கள், எந்த நேரமும் திரும்பக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தோடு, ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார்.

வீதியில் வாகனங்கள் நின்றன. தோணி வீதியைக் கடந்து, புல்லில் நிமிர்ந்து, தண்ணீரில் இறங்கியது. கரையில் வலை கழுவிக்கொண்டிருந்தவர் ஒன்றும் கேட்காமல் ஒரு துடுப்பை எடுத்து நீட்டினார்.

"ஏறுங்க" என்றார் அன்னப்பூரணி.

"ஏறலாமாகா?"

"இன்னும் ஆரிட்டக் கேக்கப் போறீங்க?"

அவர் ஏறினார். அன்னப்பூரணியும் ஏறினார். சீதேவிப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று தோணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்கும் தகரத்துக்கு இப்பிடி ஒருக்காக் கத்தித் தாவன்கா."

"உன்ட கூரைக்கு நீதான் கத்தணும்கா" என்றார் அன்னப்பூரணி.

தோணி நகர்ந்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தோணி சிறுத்துக்கொண்டே போனபோதும் தட்டினார்கள். அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று அம்மையார் கேட்டார். அதுதான் இந்தப் படைப்பு எழுப்பும் கேள்வி என்றார் உதயரூபன். தோணி நாவற்குடாப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவர்கள் வெயிலில் நின்றார்கள். முதலில் போனால் கலை விளங்காதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்தார்கள்.

தண்ணீர் நடுவில் அழகரத்தினம் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மண்டபத்தில் வராத சத்தமெல்லாம் இப்போது வந்தது. அன்னப்பூரணி துடுப்பை வாங்கி வலித்தார். அவரை அழ விட்டார். நாவற்குடாக் கரையில் இருந்து ரதீஸ் ஒரு லொறி பிடித்து, தோணியைக் கதிரவெளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மறுநாள் சீதேவிப்பிள்ளையும் மண்டபத்தில் நின்று கத்தினார். அன்னப்பூரணியை விட நன்றாகவே கத்தினார். அன்று விருந்தினர் யாரும் வரவில்லை என்பதால் முகைதீன்பாவா அவரை வெளியே கொண்டுபோய் விட்டார்.

தோணி போய்விட்டது என்று உதயரூபனால் பொலிசுக்குப் போக முடியவில்லை. தானே தூக்கிக்கொண்டு போகும் படம் நாலு பத்திரிகையில் வந்திருந்தது. மேலிடத்தில் இருந்து பாராட்டும் வந்தது. கூடவே, இந்த நிகழ்த்துகையை வருடா வருடம் செய்யவேண்டும் என்ற விருப்பமும் வந்தது. அதைச் செய்ய முதலில் தோணி வேண்டும். ஆகவே உதயரூபன் கம்சாயினியை வாகனத்தில் ஏற்றிக் கதிரவெளிக்கு அனுப்பினார்.

கம்சாயினி போய்ச் சேர்ந்தபோது அழகரத்தினம் வலையை ஏற்றி முடித்து, தோணியைத் தள்ள ஆயத்தமாக நின்றார். கம்சாயினி, சொல்லி அனுப்பியதை ஒப்புவித்தார். ஒரு மாதம் மட்டும் தோணியைத் தந்தால் போதும். முன்பு போலவே கட்டித் தொங்கவிட்டு, குறித்த நாளில் முன்பு போலவே இறக்கி, கைதட்டலோடு வாவியில் விடுவார்கள். இம்முறை அட்டையில் உரியவரின் பெயரும் போடுவார்கள். இதை மட்டும் கம்சாயினியே பணிப்பாளரிடம் கேட்டு வாங்கியிருந்தார்.

அழகரத்தினம் முழுவதையும் கேட்டார். அவசரப்படவில்லை. இந்த முறை மனைவி பக்கம் திரும்பி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவுமில்லை.

"ஏலா புள்ள. தொழிலுக்குப் போற தோணி இது" என்றார். பிறகு, "மணல் இறுகிக் கிடக்கு. வந்ததுக்கு ஒரு கை குடு" என்றார்.

கம்சாயினி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அன்னப்பூரணி இடம் விட்டு நகர்ந்து நின்றார். மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். கம்சாயினியின் கை கஜானி என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. தோணி மணலை விட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியதும், கடல் அவருடைய இடுப்பு வரை நனைத்தது.

வாகனத்தின் அருகில் நின்ற சாரதி கமராவைத் தூக்கிக் காட்டி, "மிஸ், படம் எடுக்கவா?" என்று கத்திக் கேட்டான்.

"வேணாம்" என்றார் கம்சாயினி.